சிசோமோவின் அம்மா

வாளியை வரிசையில் வைத்த பிறகுதான் எப்சிபா அதற்கு முன்னால் இருந்த வாளியைப் பார்த்தாள். வெள்ளை வாளி, கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியது. சிசோமோவின் அம்மாவுடைய வாளி. எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லலாம், ஆனால் அதற்குள் அடிபம்புக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று வரிசைக்கு ஆள் கூப்பிடுகிற அமாய் காலுவா பார்த்துவிட்டாள். அமாய் காலுவா பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. "சிஸ்டர் வந்தாச்சு, உடம்பு தேறிட்டுது போல" என்று அவள் யாருக்கென்றில்லாமல் சொன்னாள். மாமர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். சிசோமோவின் அம்மா திரும்பவில்லை. கால்களை நீட்டி உட்கார்ந்து குதிகாலில் காய்ந்திருந்த செம்மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் பிள்ளை கட்டுகிற துணி இல்லை. எப்சிபாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். எட்டு மாதமாக அந்த முதுகை அவள் வெறுமையாகப் பார்த்ததே கிடையாது, எப்போதும் பூப்போட்ட துணிக்குள் ஒரு சின்னத் தலை, ஒருபக்கமாகச் சரிந்து, வாய் திறந்து, அம்மாவின் சட்டையில் எச்சில் வட்டம் போட்டுக்கொண்டு. இப்போது சட்டையின் பின்பக்கம் தெரிந்தது. அதில் மூன்று பித்தான்கள் இருந்தன. இத்தனை நாளும் அந்தச் சட்டைக்குப் பின்பக்கம் பித்தான் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

முன்னால் பத்து வாளி. மழைக்கு முந்தின மாதம், தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது, ஒரு வாளி நிறைய நாலு நிமிடம் ஆகும், ஆக நாற்பது நிமிடம் அந்த மூன்று பித்தான்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அது போதாதென்று இந்தப் பம்புக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வாளிக்காரி வாளியைப் பிடித்துக்கொள்வாள், வரிசையில் அடுத்தவள் அடித்துக் கொடுப்பாள். சாயர்புரத்திலிருந்து ஊழியத்துக்கென்று மலாவிக்கு வந்த முதல் வாரத்தில் எப்சிபாவுக்கு இது தெரியாது. நாலு அடி அடித்துவிட்டு ஓடிப்போய் வாளியைப் பிடித்து, திரும்ப ஓடி வந்து அடித்து, பாவாடை முழுக்க நனைந்து நின்றாள். ஊரே சிரித்தது. அன்றைக்கு எழுந்துவந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டவள் இவள்தான். அப்போது இவள் சிசோமோவின் அம்மா ஆகியிருக்கவில்லை, ஆறு மாத வயிறு, வயிற்றில் கைப்பிடி இடிக்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்று அடித்தாள். "நீ பிடி, நான் அடிக்கிறேன்" என்று சொன்னது எப்சிபாவுக்கு அன்று புரியவில்லை, சாடையில் புரிந்தது. இந்த ஊரில் அவளுக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ வாக்கியங்களை இவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துதான் படித்தாள், நிலக்கடலை உரித்துக்கொண்டு, தப்பாகச் சொல்லிச் சொல்லி. பிள்ளை பிறந்து சிசோமோ என்று பேர் வைத்தபோது அர்த்தம் கேட்டாள். கிருபை என்று அர்த்தம். எங்கள் அம்மா பேரும் அதுதான், கிருபையம்மாள், என்று எப்சிபா சொன்னதும் இவள் பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து, "கேட்டியா, கடலுக்கு அந்தப்பக்கம் உன் பேரில ஒரு பெரிய மனுசி இருக்காளாம்" என்றாள். அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மாவுக்கு ஒரே பெருமை. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "ஏட்டி, என் பேருக்காரன் எப்படி இருக்கான்?" மூன்று சனிக்கிழமையாக எப்சிபா, சத்தம் விட்டு விட்டு வருதும்மா, அப்புறம் பேசுறேன், என்று வைத்துவிடுகிறாள்.

வரிசை ஒரு வாளி நகர்ந்தது. எல்லோரும் எழுந்து தங்கள் வாளியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார்கள். பச்சைத் துணி வாளி நகர்ந்தது, எப்சிபா தன் வாளியைக் கொஞ்சம் இடைவெளி விட்டே வைத்தாள், ஏன் இடைவெளி விட்டேன், யாராவது பார்த்திருப்பார்களோ, திரும்பக் கொஞ்சம் தள்ளினால் அதையும் பார்ப்பார்களோ. மூன்று வாரத்துக்கு முன்னால், பிள்ளைக்கு ஜுரம் என்று கேட்டுச் சிசோமோ வீட்டுக்குப் போன அன்றைக்கும் இப்படித்தான் வெயில். அந்த வீட்டுக்குள் போனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, பிறகுதான் பாயும் பாயில் பிள்ளையும் தெரிந்தது. மலேரியா என்று சுகாதார நிலையத்தில் சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். நெற்றியில் கைவைத்தாள், சுட்டது. பிள்ளை எப்சிபாவைப் பார்த்தது, அந்த ஜுரத்திலும் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடிக்கக் கையைத் தூக்கியது, பாதியில் கை விழுந்துவிட்டது. எப்சிபா முழங்கால் போட்டு ஜெபித்தாள். தமிழில்தான் ஜெபித்தாள், மனசு உருகும்போது வேறு மொழி வராது. ஜெபித்து எழுந்ததும் நிறுத்தியிருக்கலாம். ஆமென் சொல்லிவிட்டு, இன்னொரு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பாயின் இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அப்பாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்போல் இருந்தது, சுகமாகிவிடுவான் என்று சொன்னாள். அவர்கள் மொழியில், அட்சச்சிரா. இரண்டு முறை சொன்னாள். அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தரே தன் காதில் வந்து சொன்ன மாதிரி. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அதில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது, நம்பிக்கை வந்ததால்தான் அந்த ஆச்சரியம் என்று அப்போது நினைத்தாள், சந்தோஷமாக வீட்டுக்குப் போய் வெந்நீர் போட்டுத் தலைக்குக் குளித்தாள். இங்கே தலையைக் காயவைத்துக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறாள், அங்கே பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள், பாதி வழியில்.

அதை யார் சொன்னது, ஆசீர் அண்ணன்தான். மிஷனின் பொறுப்பாளர், பக்கத்து டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "எபி, கிளம்பும்மா, அடக்கத்துக்குப் போகணும், உனக்கு வேண்டியவங்கல்லா" என்றார். எப்சிபா கதவைப் பாதி திறந்து நின்று, காய்ச்சலாக இருக்கிறது அண்ணே என்றாள். வாயிலிருந்து தானாக வந்தது. யோசித்து ஒரு பொய் சொல்வது வேறு, இது பல்லுக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி வந்தது. அண்ணன் நம்பினார், இந்த ஊரில் காய்ச்சல் யாருக்கும் வரும், மாத்திரை இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரும் நம்பியது. அதுதான் தாங்க முடியவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் வாசலில் ஒரு பப்பாளிப் பழமும் வாழை இலையில் சுற்றிய எலுமிச்சையும் இருந்தன. அமாய் காலுவாதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். "சிசோமோ வீட்டிலருந்து குடுத்தாங்க. சிஸ்டருக்குக் காய்ச்சல் விட்டுதான்னு கேக்கச் சொன்னா" என்றாள். பிள்ளையைப் புதைத்த மறுநாள். அந்தப் பப்பாளியை எப்சிபாவால் சாப்பிடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அது மேசையில் இருந்து பழுத்து, கறுத்து, எறும்பு வந்து, அறை முழுக்க அதன் வாசனை. அதற்குப் பிறகு பாலர் பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறபோதெல்லாம் சோளக்கொல்லை வழியாகச் சுற்றிப் போனாள். நேர்வழியில் போனால் அந்த முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் கேட்டன, சிஸ்டர் ஏன் இந்தப் பக்கமாக வர்றீங்க. இந்தப் பக்கம் நிழல் என்றாள். அந்த வழியில் நிழலுக்கு ஒரு செடி கிடையாது, அறுத்துப்போட்ட கொல்லை.

இன்னொரு வாளி, இன்னொரு தள்ளு. பம்பின் சத்தம் ஒரே தாளத்தில், இரும்பு இரும்போடு உரசி, க்ரீச்சென்று ஒன்று, தொப்பென்று ஒன்று. சாயர்புரத்தில் சபை உபதேசியாரின் குடையும் இப்படித்தான் சத்தம் போடும், விரிக்கும்போது. நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். அப்பா உப்பு லாரி ஓட்டினார். மஞ்சள் காமாலை முற்றி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எப்சிபாவுக்குப் பன்னிரண்டு வயது. உபதேசியார் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, அம்மா தலையில் கைவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உங்க வீட்டுக்காரர் உங்க கூட வந்து உக்காருவார், கவலைப்படாதீங்க, என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேனில்தான் வந்தார், வெள்ளைத் துணியில். உபதேசியார் அடக்கத்துக்கு வந்தார், தூரத்தில் நின்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. தெருவில் அம்மாவைக் கண்டால் மழையில்லாத நாளில்கூட க்ரீச்சென்று குடையை விரித்து முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அந்தக் கறுப்புக் குடையை எப்சிபா அவ்வளவு வெறுத்தாள். பொய் சொன்னார், கடவுள் பேரில் பொய் சொன்னார், நான் பெரியவளானால் யாரிடமும் இப்படிச் சொல்ல மாட்டேன் என்று நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கூட வைத்தாள். அம்மாவுக்கு ஏன் கோபமே வரவில்லை என்று அம்மா மேலும் கோபம். ஒருநாள் சன்னல் வழியாக அந்தக் குடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள், "பாவம், உள்ள வந்தார்னா அந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கலாம்." அன்றைக்கு எப்சிபா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இத்தனை வருசத்தில் அந்த வார்த்தையை அவள் திரும்ப எடுத்துப் பார்த்ததே இல்லை. உள்ளே வந்தால். உள்ளே வந்தார் என்றால். அம்மாவின் குரல் அதில் எப்படி இருந்தது, அலுத்துப்போயா, ஆசையாகவா. இந்த வெயிலில், ஏழாவது வாளி நிறைகிற நேரத்தில், மூன்று பித்தான்களைப் பார்த்துக்கொண்டு, அது இரண்டும் இல்லை, அது தனியாக இருந்த ஒருத்தியின் குரல் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தான் சுற்றிப் போகிற சோளக்கொல்லை நினைவுக்கு வந்தது.

"அமாக்கே சிசோமோ, உன் வாளி" என்று அமாய் காலுவா குரல் கொடுத்தாள். எப்சிபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமாக்கே என்றால் இன்னாரின் அம்மா. இந்த ஊரில் பிள்ளை பெற்றவளை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. மூன்று வாரமாக அவள் மனசில் குடைந்துகொண்டிருந்த ஒன்று, இனிமேல் இவளை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பது. வேறு பிள்ளை இல்லையே. பழைய பெயரைத் தேடி எடுப்பார்களா, பெயரே இல்லாமல் ஏய் என்பார்களா. ஒன்றுமில்லை, எப்போதும்போலத்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் எப்போதும்போல, வந்துட்டேன் என்று எழுந்து, பாவாடைத் துணியை இறுக்கிக் கட்டி, வாளியைக் குழாய்க்கடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடி ஆளில்லாமல் நின்றது. எப்சிபா போய் அதைப் பிடித்தாள். இரும்பு சுட்டது. இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழம்தான். அடிக்கத் தொடங்கினாள். முதல் பத்து அடிக்குக் காற்றுதான் வந்தது.

"காய்ச்சல் விட்டுட்டுதா?" சிசோமோவின் அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

விட்டுவிட்டது என்று சொன்னால் போதும். ஒரு சொல். எத்தனையோ பேரிடம் மூன்று வாரமாகச் சொன்ன சொல், நாக்கில் தேய்ந்துபோன சொல். பொய் என்பதற்கும் அவளுக்கு இந்த மொழியில் சொல் தெரியும், ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கப் படித்தது.

"காய்ச்சலே வரலை" என்றாள். "அன்னைக்கும் இல்லை. நான் சொன்னது பொய்."

தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் நின்றது, ஏனென்றால் கை அடிப்பதை நிறுத்திவிட்டது.

"அடி, தண்ணி இறங்கிப்போயிரும்" என்றாள் சிசோமோவின் அம்மா. எப்சிபா அடித்தாள். சிசோமோவின் அம்மா வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்திவிட்டுக் கேட்டாள், "அப்ப ஏன் வரலை?"

"சுகமாயிருவான்னு சொன்னேன்லா. ஜெபம் பண்ணிட்டுச் சொன்னேன். ரெண்டு தடவை. அவன் சுகமாகலை. பிறகு எந்த முகத்தோட உங்க முன்னால வந்து உக்காருவேன்."

இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தப் பார்வையில் எப்சிபா பயந்தது எதுவும் இல்லை. அன்றைக்குப் பாயின் மேலாகப் பார்த்துக்கொண்ட அதே சின்ன ஆச்சரியம்.

"நீ அப்படிச் சொல்லலையே."

"சொன்னேன். அட்சச்சிரான்னு சொன்னேன்."

"நீ சொன்னது அட்சச்சிதா."

அமாய் காலுவா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ஒரு எழுத்து. சுகமாவான் என்பதற்கும் செய்வான் என்பதற்கும் நடுவில் இந்த மொழியில் ஒரே ஒரு எழுத்துதான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு, தேவதூதனைப் போல நின்று, செய்வான், செய்வான் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

"நீ போன பிறகு அவன் அப்பா அவன்கிட்டயே கேட்டார்" என்றாள் சிசோமோவின் அம்மா. வாளியைப் பிடித்த கை நகரவில்லை. "'சிஸ்டர் சொல்லிட்டாங்க நீ செய்வேன்னு. என்னடா செய்யப்போறே? மண்வெட்டி எடுத்துக் கொல்லையக் கொத்துவியா? அம்மாவுக்கு மாவு இடிச்சுக் குடுப்பியா?' நான் சிரிச்சேன். நாங்க சிரிக்கிறதைப் பாத்து அவனும் சிரிச்சான். அந்தக் காய்ச்சல்ல. வாய் திறந்து, அந்த ரெண்டு பல்லும் தெரிய. அதுக்குப் பிறகு அவன் சிரிக்கலை." தண்ணீர் வாளியின் விளிம்புக்கு வந்து வழிந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை. "நீ வருவே, உன்கிட்ட அதைச் சொல்லணும்னு இருந்தேன். அடக்கத்தன்னைக்கு வருவேன்னு பாத்தேன். பெண்டுகள் எல்லாம் என்கூடத் தரையில உக்காந்திருந்தாங்க, உனக்கும் சேத்துத்தான் பாய் போட்டிருந்தது. மறுநாள் பாத்தேன். காய்ச்சல்னாங்க, சரின்னேன். பிறகு நீ கொல்லை வழியாப் போறதப் பாத்தேன்."

பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வார்த்தை தப்பியதால் பாரம் இறங்கிவிட்டதா என்று எப்சிபாவின் மனசு ஒரு கணம் குறுகுறுப்பாகத் தடவிப் பார்த்தது. இறங்கவில்லை. "நான் சொல்ல நினைச்சது சுகமாவான்னுதான்" என்றாள். இதை மறைத்துவிடக் கூடாது என்று இருந்தது.

"தெரியும். எனக்குத் தெரியாதா? நோவு வீட்டுக்கு வர்றவங்க வேற என்ன சொல்லுவாங்க? என் அக்காளும் அதான் சொன்னா, மருந்து குடுத்தவரும் அதான் சொன்னார். அவங்கள்லாம் பிறகும் வந்தாங்க." வாளியை நகர்த்தி மூடியைப் போட்டாள். "வை உன் வாளியை."

எப்சிபாவுக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து வருவதற்குள் சிசோமோவின் அம்மாவே கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். எப்சிபா வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், முகம் யாருக்கும் தெரியாதபடி. இரண்டு வாளியும் நிறைந்தன. ஒருவர் தலையில் மற்றவர் ஏற்றினார்கள். எப்சிபாவுக்கு இன்னும் கையால் பிடிக்காமல் நடக்க வராது, பிடித்துக்கொண்டே நடந்தாள். பாதை பிரிகிற இடத்தில் அவள் கேட்கவுமில்லை, சிசோமோவின் அம்மா வா என்று சொல்லவுமில்லை, இரண்டு பேரும் நேர்வழியில் நடந்தார்கள்.

முற்றம் பெருக்கியிருந்தது. அவன் அப்பா கொல்லைக்குப் போயிருந்தார். வாளிகளை இறக்கி வைத்துவிட்டு இருவரும் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எப்சிபாவுக்கு ஜெபிக்கத் தோன்றியது, ஜெபிக்கவில்லை. "அமாக்கே சிசோமோ" என்று கூப்பிட்டாள், மேலே என்ன சொல்வதென்று தெரியாமல். அது போதுமானதாக இருந்தது. சிசோமோவின் அம்மா பேசத் தொடங்கினாள். வேகமாக, கையை ஆட்டி, எப்சிபாவுக்காக மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்து. பாதிக்குப் பாதி புரியவில்லை, எப்சிபா இடைமறிக்காமல் கேட்டாள். நோவு வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் அவன் எதையோ செய்யத் தொடங்கினான், அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, எதை என்பதற்கான சொல்தான் தெரியவில்லை. "அப்படின்னா என்ன?" என்று கேட்டாள்.

சிசோமோவின் அம்மா யோசித்தாள். பிறகு எழுந்து முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். பாவாடைத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள். வலது கையை எடுத்து வைத்தாள். இடது கையை எடுத்து வைத்தாள். வலது காலைக் கொண்டுவந்தாள். இடது காலை ஊன்றாமல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தாள், அவன் அப்படித்தான் வந்திருப்பான், அந்தக் கால் இன்னும் அவன் சொல் கேட்காத கால். பெருக்கிய மண்ணில் கோடு விழுந்தது. நாலு எட்டு வைத்ததும் நின்று, தலையை நிமிர்த்தி, பார்க்கிறாயா என்று கேட்கிற மாதிரி எப்சிபாவைப் பார்த்தாள். பிறகு மீண்டும் வந்தாள். அவள் முகத்தில் மண்ணும் கண்ணீரும் சிரிப்பும் எல்லாம் இருந்தது.

கிட்டத்தில் வந்துவிட்டபோது எப்சிபா இரண்டு கைகளையும் நீட்டினாள். யோசித்து நீட்டவில்லை, தவழ்ந்து வருகிறவர்களுக்கு யாரும் நீட்டுகிற மாதிரிதான். அவள் வந்து அந்தக் கைகளுக்குள் விழுந்தாள், கனமாக, முழு ஆளாக.